பன்னிரண்டு முதலிமாரும் ஒரு கையெழுத்தும்

என் கணவரோடு நான் வாழ்வதில்லை. அவர் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இன்னொரு பெண்ணோடு இருக்கிறார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. நான் செவ்ரானில் மகளோடு இருக்கிறேன். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் ஒரு புடைவைக் கடையில் வேலை. பிரிந்தோமே தவிர விவாகரத்து எடுக்கவில்லை. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர்; கோயிலில் கட்டிய கலியாணம். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே விடவில்லை. அம்மா போன பிறகு, இனி எடுத்து என்னத்தைக் கிழிக்கப் போகிறேன் என்று நானும் விட்டுவிட்டேன். கடைக்கு வருகிற பெண்கள் "உங்கட அவர் எப்பிடி?" என்று கேட்டால் "உயிரோடதான்" என்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சேலையை விரித்துப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில், கடற்கரைப் பக்கமாக, எனக்கு ஒரு வளவு இருக்கிறது. அம்மாவின் சீதனக் காணி எனக்குச் சீதனமாக வந்தது. உறுதியில் என் பெயர் மட்டும்தான். அந்த வளவில் என் தங்கச்சி குடியிருக்கிறாள். யுத்தத்தின் கடைசி நாட்களில் அவள் புருசனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஷெல் விழுந்து ஓடெல்லாம் போன வீட்டுக்கு மேலே தகரத்தைப் போட்டு, பிள்ளைகளோடு கிடக்கிறாள். ஒவ்வொரு மாரிக்கும் சட்டி பானைகளைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பாள்.

அந்த மாரியிலும் எடுத்தாள். ஆனால் இந்த முறை சேதி வேறு. வீட்டுத்திட்டம் வந்திருக்கிறதாம். காணி உறுதி அவள் பெயரில் இருந்தால் கல்வீடு கட்டித் தருவார்களாம். உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னம் காட்டாவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுமாம். சொல்லிவிட்டு அழுதாள்.

"இதுக்கேனடி அழுகிறாய்? எழுதித் தாறன்" என்றேன். எனக்கு அது சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை, உறுதி எழுதக் கொடுத்திருந்த ஊர்ச் சட்டத்தரணி தொலைபேசி எடுத்தா. சின்ன வயது, கெட்டிக்காரப் பிள்ளை. "அக்கா, உங்கட அவரின்ர கையெழுத்து வேணும்" என்றா.

"என்ர காணிக்கோ?"

"ஓம் அக்கா. தேசவழமைச் சட்டம். கலியாணம் முடிச்ச பொம்பிளை உயிரோட இருக்கேக்க, புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன்ர காணியை விக்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது."

"அவர் என்னை விட்டுட்டுப் போன ஆள், பிள்ளை."

"விட்டுட்டுப் போனாலும் புருசன்தானே அக்கா. நீதிமன்றத்தில கேக்கலாம். விவாகரத்தும் எடுக்கலாம். ஆனா ரெண்டும் வருசக்கணக்கில இழுபடும்."

ஃபோனை வைத்துவிட்டு, கடையில் மடித்து வைத்திருந்த சேலை முழுவதையும் கலைத்து மறுபடி மடித்தேன். முதலாளியம்மா ஏனென்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இதில் என்னைக் கொன்றது என்னவென்றால், ஊரில் நான் சரித்திர ரீச்சராக இருந்தவள். தேசவழமை என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! "ஒல்லாந்தர் ஆற்றிய பணிகள்: யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களைத் தொகுத்து எழுத்தில் கொண்டுவந்தனர்." பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள், சோதனையில் வரும், புள்ளி கிடைக்கும். பணியாம், பணி! அந்தப் பணி என் கழுத்தில் கையை வைத்தபோதுதான் அது பாடமல்ல, நடப்பு என்று எனக்கு விளங்கியது.

அந்த நாட்களில்தான் என் மகளுக்கு லிசேயில், அவளுடைய உயர்பள்ளியில், இதே பாடம் வந்து சேர்ந்தது. பழைய பேரரசுகள் எப்படி நாடுகளைப் பிடித்தன, எதைச் சொல்லி நியாயப்படுத்தின, எப்படித் தக்கவைத்தன என்று எழுத வேண்டும். அவளுக்குப் பிரெஞ்சில் கேள்வி, எனக்குத் தமிழில் பதில். லீக்ஸ் வெட்டிக்கொண்டே சொன்னேன்: பிடிக்கிறது என்றால் எடுத்த எடுப்பில் யாரும் பிடிப்பதில்லை. கறுவா வாங்க வந்தோம் என்பான். சாமான் வைக்க ஒரு கொட்டில் போடக் கேட்பான். பிறகு கொட்டிலுக்குக் காவல் வேண்டும் என்று மதில் கட்டுவான். அரசகுடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். ஒருவனுக்கு, நான் உனக்குப் பாதுகாப்பு என்று வந்து நிற்பான். கோட்டேயில் ஒரு அரசன் அப்படியே பாதுகாப்பு மேல் பாதுகாப்பு வாங்கி வாங்கி, கடைசியில் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் அரசனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தான். வாளால் வெட்டிப் பிடித்ததைவிட எழுதி வாங்கியது அதிகம்.

நியாயத்துக்கு என்ன பஞ்சம்? போர்த்துக்கேயன், உங்கள் ஆன்மாவைக் காப்பாற்ற வந்தோம் என்றான். எங்கள் ஆட்களைச் சிலுவைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். அதற்காக அவன் இடித்த கோவில்களை நான் மறைக்கப் போவதில்லை. பிறகு ஒல்லாந்தக் கம்பனி, டச்சுக்காரனின் கம்பனி, வந்தது. அவனும் வேதக்காரன்தான், ஆனால் புரட்டஸ்தாந்து வேதம். எங்கள் குருமாரைத் துரத்தினான். அவனுடைய கோயிலில் ஞானஸ்நானம் எடுக்காவிட்டால் கலியாணம் செல்லாது, பிள்ளைக்குச் சொத்துரிமை வராது. சனம் பகலில் அவன் கோயிலில் தலையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னது.

மகள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கப்பல்ல வந்து இறங்கினவை ஒரு கொஞ்சப்பேர். சனம் எவ்வளவு! ஏன் பணிஞ்சதுகள்?" பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்.

"கோயிலுக்குத்தான் அவன் தன்ர வழிக்கு வா எண்டவன். காணி, சீதனம் எண்டு வந்தா அப்பிடிக் கேக்கேல்லை. உங்கட வழி என்ன, சொல்லுங்கோ எண்டு கேட்டான். அதுதான் கெட்டித்தனம்."

தேசவழமை பிறந்த கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த ஒரு ஒல்லாந்த அதிகாரி எங்கள் வழக்கங்களை எழுதினான். அதைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்து, சரியா என்று கேட்டார்கள். முதலிமார் என்றால் கம்பனிக்கு வரி திரட்டிக் கொடுத்து, கம்பனி கொடுத்த பட்டத்தைப் போட்டுக்கொண்டு திரிந்த எங்கள் பெரிய மனிதர். அவர்கள் சரி என்றார்கள். அதோடு அது சட்டம். அதில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. அடிமைகளிடம் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஆங்கிலேயன் வந்தான், அதைத் தூக்கி எறியாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். சுதந்திரம் வந்தது, அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

"பன்னிரண்டில பொம்பிளை எத்தினை?" என்று மகள் கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு மிச்ச லீக்ஸைப் பொடிப்பொடியாக வெட்டித் தள்ளினேன்.

அவள் சொன்னது ஒன்றுதான்: அவரோடு பேசாதே, நேரே வழக்குப் போடு. இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்கு வழக்கு என்றால் வழக்கு. எங்களுக்கு அப்படியா? எங்கள் ஆட்கள் எந்தச் சண்டைக்கும் முதலில் நாலு பெரிய மனிதரைக் கூப்பிட்டு இருத்திக் கதைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கோட்டுக்குப் போனால், "அவள் ஒரு திமிர் பிடிச்சவள்" என்று லா சப்பலில் இருந்து ஊர்வரை கதை போகும்; ஊரில் அதைக் கேட்க வேண்டியது என் தங்கச்சி. ஆகவே நானும் பெரிய மனிதரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதோடு பாதி தோற்றுவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிய, ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கூடினோம். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை. கடை முதலாளி, எங்கள் கோயில் மூப்பர், என் கணவர், நான். மேலே கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் தலைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

மூப்பர்தான் தொடங்கினார். "தங்கச்சி, உங்கட பக்கத்தில ஆர் ஆம்பிளை?"

"ஒருத்தரும் இல்லை. என்ர பக்கம் நான்தான்."

"அது சரிவராது. ஒரு பொறுப்பான ஆள் வேணும். முதலாளி அண்ணை உங்கட பக்கமா இருக்கட்டும்."

முதலாளி அண்ணை என் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் கேட்காத பாதுகாப்பு! அவர் எனக்காகப் பேசவும் தொடங்கிவிட்டார்: "ரீச்சர் நியாயத்துக்குக் கட்டுப்படுவா, அதுக்கு நான் பொறுப்பு." என் வாயைத் திறக்கமுன் நான் எதற்கோ கட்டுப்பட்டு முடிந்தது.

நான் விடவில்லை. "அண்ணைமார், சீதனம் எண்டது எங்கட சனத்தில தாய்க்குப் பிறகு மகளுக்கு வாறது. ஆம்பிளையள் அதில கை வைக்கிறேல்லை. அதுதான் எங்கட வழமை. நான் என்ர தங்கச்சிக்குக் குடுக்கிறதில இவருக்கு என்ன?" என்றேன். நல்ல அடி கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூப்பர் மெதுவாகத் தலையாட்டினார். "ரீச்சர் சொல்லுறது முழுக்கச் சரி. வழமையெண்டு வந்திட்டா வழமைதான். அப்ப வழமைப்படி புருசன்ர சம்மதமும் வேணும்தானே?"

அடப் பாவிகளே! வழமை என்ற கதவை நானே திறந்துவிட்டேன். அதால் அவர்கள் வரிசையாக உள்ளே வந்துவிட்டார்கள்.

என் கணவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையே" என்றார். "இது நான் போட்ட சட்டமே? எங்கட பெரியவை போட்டது."

"எந்தப் பெரியவை? ஒல்லாந்தனுக்குச் சலாம் போட்ட பன்னிரண்டு பேரோ? அவையள் தங்கட பெண்சாதியளிட்டக் கேட்டே ஓமெண்டு சொன்னவை? கம்பனிக்காரன் போய் எத்தினை காலம்! அவன் வைச்ச பூட்டை நீங்கள் காவல் காக்கிறியள்!"

"ரீச்சர், பாடத்தைப் பிறகு எடுங்கோ. தேத்தண்ணி ஆறுது" என்றார் முதலாளி. என் பக்கத்து ஆள்!

பிறகு என் கணவர் விஷயத்துக்கு வந்தார். எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு அவருடைய அண்ணனுடையது. யுத்த காலம் முழுவதும் அண்ணன்தான் எங்கள் காணியையும் பார்த்துக்கொண்டாராம். அதனால் கிணற்றடிப் பக்கத்தை அண்ணனுக்கு எழுதினால், மிச்சத்தைத் தங்கச்சிக்குக் கொடுக்கத் தான் கையெழுத்து வைப்பாராம்.

"உங்கட அண்ணை பார்த்தவரோ? என்ர தங்கச்சி அந்தக் காணிக்குள்ள பங்கர் வெட்டிப் படுத்திருக்கேக்க அவர் கொழும்பில இருந்தவர்!"

"வேலி போட்டது அவர்தானே" என்றார் மூப்பர். வேலி போட்டவனுக்குக் கிணறு. கோட்டேயிலும் இப்படித்தான் கணக்குப் பார்த்திருப்பார்கள். நான் எழுந்து படியேறி வந்துவிட்டேன். முதலாளி பின்னால் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

கார் து நோர் நிலையத்தில் ஆர்-ஈ-ஆர் ரயிலுக்கு நிற்கும்போதே தங்கச்சிக்கு எடுத்தேன். கொதிப்போடு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"குடுங்கோ அக்கா" என்றாள்.

"என்னத்தை?"

"கிணத்தை. குழாய்த் தண்ணி வருமெண்டு சொல்லுகினம். கூரை இல்லாமல் கிணத்தை வைச்சு நான் என்ன செய்ய? மூத்தவளுக்குச் சளி மாறுதேயில்லை."

நான் இங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் இருந்துகொண்டு கௌரவம் பார்க்கிறேன்; நனைகிறவள் அவள். என் வீராப்பை மடித்து வைத்துவிட்டு, கிணற்றைத் தருகிறேன் என்று கணவருக்குச் செய்தி அனுப்பினேன். வாழ்க்கையில் அவ்வளவு கசந்து நான் எதையும் எழுதியதில்லை.

லா சப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் நிலையத்தடியில், மெற்றோ பாலத்துக்குக் கீழே உள்ள ஒரு கஃபேயில் சந்திப்பதாகச் சொன்னார். வேலை உடுப்போடு வந்திருந்தார். குளிரில் பெட்டி தூக்கி அவர் கைவிரல்கள் வெடித்திருந்தன. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிறீம் பூசுங்கோ என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார்.

நான் வாசித்தேன். கிணற்றைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. என் முழுக் காணியையும் என்ன செய்யவும் அவருக்கு அதிகாரம் கொடுக்கிற அற்றோணிப் பத்திரம் அது.

"கிணறு மட்டும்தானே கதைச்சது?"

"ஒவ்வொண்டுக்கும் உன்ர கையெழுத்துக்கு ஓடித்திரிய ஏலாதெண்டு அண்ணை சொல்லுறார். இதைத் தந்தியெண்டா நான் வடிவா முடிச்சுத் தருவன். உன்ர தங்கச்சிக்கும் ஒரு துண்டு வரும்."

"ஒரு துண்டோ?"

"நீ இப்பிடிப் பிடிவாதம் பிடிச்சா, நனையிறது உன்ர தங்கச்சிதான்." கோபத்தில் சொல்லவில்லை. மழை வரும் குடை எடுத்துப் போ என்கிற குரலில் சொன்னார்.

மகளின் கேள்விக்கு எனக்கு அன்றைக்குத்தான் முழுப் பதில் கிடைத்தது. ஏன் பணிந்தார்கள்? நாட்டைப் பிடித்தவனின் துவக்கு உன்னை நோக்கி நிற்பதில்லை. உனக்கு வேண்டியவர்களை நோக்கி நிற்கும். பிறகு நீயாகவே பேனையைக் கேட்டு வாங்குவாய்.

பேனையை நான் கையில் எடுத்தேன், அது உண்மை. தங்கச்சியின் மூத்தவளை நினைத்தேன். பிறகு, இந்தக் கையெழுத்தை வைத்தால் அந்தத் தகரமும் அவளுக்குச் சொந்தமாக இராது என்பதை நினைத்தேன். அவரின் அண்ணன் எழும்பு என்றால் எழும்ப வேண்டியதுதான். பேனையை வைத்துவிட்டு, குடித்த காப்பிக்கு என் பங்கை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் என் பின்னால் வரவில்லை. அவருக்கு அவசரம் இல்லை. சட்டம் அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தது.

உயிர்ப்புத் திருநாள் வந்தது, போனது. வீடு இன்னொரு குடும்பத்துக்குப் போனது. தங்கச்சி என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசடி, வாய்க்கு வந்தபடி ஏசடி என்று நான்தான் ஃபோனில் கத்தினேன். "விடுங்கோ அக்கா, அடுத்த முறை வரும்" என்றாள். அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன்; செபிக்க வரவில்லை, சும்மா இருந்துவிட்டு வந்தேன்.

அவருடைய சம்மதம் இல்லாமலே எழுத நீதிமன்றத்தில் கேட்டு வைத்திருக்கிறோம். தவணைக்கு மேல் தவணை. இந்தக் கார்த்திகையில் சட்டத்தரணிப் பிள்ளை மறுபடி எடுத்தா. கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினா.

"அக்கா, ஒரு வழி இருக்கு. புருசன்ர சம்மதம் உயிரோட இருக்கேக்க குடுக்கிறதுக்குத்தான். மரணசாதனம் எழுதினா அவரிட்டக் கேக்கத் தேவையில்லை."

"உயிலோ?"

"ஓம். உங்கட காலத்துக்குப் பிறகு தங்கச்சிக்கெண்டு நீங்கள் தனிய எழுதலாம். சட்டம் விடுது."

"அப்ப நான் செத்தால், இந்தச் சட்டத்துக்கு நான் ஒரு முழு மனிசி" என்றேன். அதற்கு ஐந்து சாட்சிகள் வேண்டும் என்று பிள்ளை சொன்னா.

ஐந்து சாட்சிக்கு நான் எந்தப் பெரிய மனிதரையும் தேடிப் போகவில்லை. புடைவைக் கடையிலேயே முடித்தேன். முதலாளியம்மா, கடையில் வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள், பிளவுஸ் துணி வாங்க வந்த இரண்டு பேர். எல்லாரும் பெண்கள். "ரீச்சர் இப்ப எங்க போகப் போறா, இதெல்லாம் ஏன்?" என்று ஒருத்தி பகிடி விட்டாள். "லா சப்பலில சீலை மடிச்சே சாகிறதா இருக்கிறன்" என்றேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்கள்.

அன்று பின்னேரமே தங்கச்சிக்கு எடுத்துச் சொன்னேன். காணி அவளுக்குத்தான், எழுதியாகிவிட்டது, அவரிடம் கேட்கத் தேவையில்லை, என் காலத்துக்குப் பிறகு யாரும் அசைக்க முடியாது என்று. அங்கே மழை. தகரத்தில் விழுகிற சத்தத்துக்குள் அவள் குரல் எழும்பவில்லை. நல்லதென்று சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள், ஒவ்வொரு கிழமையும் கேட்பதையே கேட்டாள். "அக்கா, உங்கட உடம்பு எப்பிடி?"

கேட்ட கையோடு அவளுக்கே விளங்கிவிட்டது. "ஐயோ அக்கா! நான் அதை நினைச்சுக் கேக்கேல்லை. மாதாவாணை, நான் அப்பிடிக் கேக்கேல்லை அக்கா!"

"தெரியுமடி, விசரி. உன்னை எனக்குத் தெரியாதே? நல்லா இருக்கிறன்" என்றேன். நல்லா இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போதும் ஒவ்வொரு கிழமையும் எடுக்கிறாள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள், மழையைப் பற்றிச் சொல்வாள், மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்பாள். என் உடம்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.